கரண்டியைப் பாட்டி கையில் கொடுங்கள்

கேள்வி: திருச்சிக்கு வெளியே ஓர் அறக்கட்டளை நடத்தும் முதியோர் இல்லத்தில் பொறுப்பாளராக இருக்கிறேன். சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. 34 பேர் இருக்கிறார்கள். 22 பேர் பாட்டிமார். பத்துப் பேர் சக்கர நாற்காலியில், ஆறு பேருக்கு மறதி நோய். நான்கு ஆயாக்கள், ஒரு நர்ஸ், ஒரு சமையல்காரம்மா. தீபாவளிக்கு ஒரு கல்லூரியிலிருந்து நாற்பது பிள்ளைகள் வந்தார்கள். பெரிய ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு, டான்ஸ், கேக், ஸ்வீட் பாக்ஸ், எல்லாருக்கும் ஒரே நிறத்தில் புடவை, வேட்டி. பெரியவர்கள் கைதட்டினார்கள். போட்டோ பார்த்த டிரஸ்டிகளுக்கு ரொம்பச் சந்தோஷம். ஆனால் அன்று ராத்திரி மூன்று பாட்டிகள் அழுதார்கள். மறதி நோய் உள்ள ஒரு தாத்தா வெடிச்சத்தத்தில் மிரண்டுபோய், வீட்டுக்குப் போகணும் என்று கேட்டைத் திறக்கப் பார்த்தார். மறுநாள் ஒரு பாட்டி, "வந்ததெல்லாம் நல்ல புள்ளைங்கதாம்மா. ஆனா எங்களுக்குன்னு ஒரு வேலைகூட வைக்கலையே" என்றார். டிரஸ்டிகளோ பொங்கலை இன்னும் பெரிதாகச் செய்யச் சொல்லி, இன்னிசைக் கச்சேரி வைக்கலாம் என்கிறார்கள். எது செய்தால் இவர்களுக்கு உண்மையிலேயே நன்றாக இருக்கும்? மற்ற மாதங்களில் என்ன செய்வது?
பெயர் வெளியிட வேண்டாம், திருச்சி மாவட்டம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தப் பாட்டி சொன்ன ஒரு வரியைப் பிடித்துக்கொண்டாலே பாதி வழி தெரிந்துவிடும். எழுபத்தைந்து வயதுப் பெண்மணிக்குப் பண்டிகை என்றால் என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பத்து நாள் முன்னாலிருந்தே வேலை. பரணில் இருக்கும் பாத்திரத்தை இறக்கித் தேய்ப்பது, மாவு இடிக்கக் கொடுப்பது, யார் யாருக்குத் துணி எடுப்பது என்ற கணக்கு, விடியற்காலையில் அடுப்பு. அலுத்துக்கொண்டே செய்திருப்பார். ஆனாலும் அந்த வீட்டில் அன்றைக்கு அவர் சொன்னதுதான் நடந்திருக்கும். கொடுக்கும் கை அவருடையதாக இருந்திருக்கும். இப்போது அவரைக் குளிப்பாட்டி, புதுப்புடவை கட்டிவிட்டு, முன்வரிசை நாற்காலியில் உட்கார வைத்து, கையில் ஸ்வீட் பாக்ஸைத் திணித்தால், கைதட்டத்தான் செய்வார். வந்த பிள்ளைகளின் மனம் நோகக்கூடாதே என்ற நாகரிகம் அது. ராத்திரி விளக்கணைத்த பிறகுதான் மற்றதெல்லாம் வெளியே வரும்.

ஆகவே, என்ன நிகழ்ச்சி வைப்பது என்று தொடங்க வேண்டாம். எந்த வேலையை யாரிடம் கொடுப்பது என்று தொடங்குங்கள். முதியோர் இல்லங்களோடு பணிபுரியும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாட வேலைகளை அவரவரே செய்ய உதவும் சிகிச்சையாளர் என்ற முறையில் நான் அழுத்திச் சொல்வது இது ஒன்றைத்தான்.

இதற்கு ஆய்வின் பலமும் உண்டு. எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து முதியோர் இல்லம் ஒன்றில் நடத்தி, 1976இல் வெளியிட்ட ஆய்வு இது. ஒரு மாடியில் இருந்தவர்களிடம், உங்கள் அறையை எப்படி வைத்துக்கொள்வது, நேரத்தை எப்படிக் கழிப்பது என்பதெல்லாம் உங்கள் முடிவு என்றார்கள். ஒரு சின்னச் செடி வேண்டுமா என்று கேட்டு, வேண்டும் என்றவர்களிடம் கொடுத்து, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். படம் பார்க்க எந்த நாள் வசதி என்றும் அவர்களையே கேட்டார்கள். இன்னொரு மாடியிலும் செடி கொடுத்தார்கள், படமும் போட்டார்கள். ஆனால் தண்ணீர் ஊற்றுவதை நர்ஸ்கள் பார்த்துக்கொண்டார்கள். படத்துக்கு நாளையும் இல்லமே குறித்தது. சில வாரங்களிலேயே வித்தியாசம் தெரிந்தது. பொறுப்பை ஏற்ற மாடிக்காரர்கள் சுறுசுறுப்பாகவும் மனத்தெளிவோடும் இருந்தார்கள். இரண்டு மாடிக்கும் கிடைத்த பொருள் ஒன்றேதான். பொறுப்பு யாரிடம் இருந்தது என்பதில்தான் வேறுபாடு.

இனி உங்கள் பொங்கலுக்கு வருவோம்.

பதினைந்து நாள் முன்பாக எல்லாரையும் ஹாலில் கூட்டி, "இந்த வருஷம் பொங்கல் எப்படி வைக்கலாம்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். முதல் ஐந்து நிமிடம் யாரும் பேச மாட்டார்கள். "நீங்க எது செஞ்சாலும் சரிம்மா" என்பார்கள். அதை நம்பி எழுந்துவிடாதீர்கள். "ஒரு படி அரிசிக்கு எவ்வளவு வெல்லம் போடணும்?" என்று ஒரே ஒரு கேள்வி போடுங்கள். ஒருவர் ரெண்டு பங்கு என்பார், இன்னொருவர் அவ்வளவு போட்டால் பாகாகிவிடும் என்பார். பாசிப்பருப்பைக் கால் பங்கு போடுவதா அரைப் பங்கா, பால் எப்போது ஊற்றுவது, பச்சைக் கற்பூரம் சேர்க்கலாமா கூடாதா என்று ஊருக்கு ஊர் வழக்கு கிளம்பும். கொங்குப் பக்கத்திலிருந்து வந்தவர் இருந்தால், முந்தின நாளே வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ வைத்து வாசலில் காப்புக் கட்டுவதைப் பற்றிச் சொல்வார். திருநெல்வேலிக்காரம்மா இருந்தால் சிறுகிழங்கு இல்லாமல் பொங்கல் படையலா என்பார். இந்தச் சண்டையை அமைதிப்படுத்த வேண்டாம். மாதக்கணக்கில் பேசாமல் இருந்தவர்கூட இப்படி ஒரு பேச்சில் வாய் திறப்பதைப் பார்த்திருக்கிறேன். யார் என்ன சொன்னார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அதிலிருந்துதான் வேலைப் பிரிவு வரும்.

சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு வேலை கொடுக்க முடியாது என்று எண்ண வேண்டாம். மடியில் ஒரு தட்டு வைத்து முந்திரியை இரண்டாக உடைக்கலாம், ஏலக்காய் உரிக்கலாம், பருப்பில் கல் பார்க்கலாம், மொச்சை உரிக்கலாம். கை நடுங்குபவருக்குக் கத்தி வேண்டாம். மஞ்சள் கொத்தைப் பானைக் கழுத்தில் கட்ட நூல் பிடித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். குனிய முடியாதவர்கள் கோலம் போட, பழைய பெஞ்சு ஒன்றின் மேல் கறுப்பு வண்ணம் அடித்துக் கொடுங்கள்; உட்கார்ந்தபடியே புள்ளி வைத்து இழுப்பார்கள். படுத்த படுக்கையாக இருப்பவரிடம், வாசல் கோலத்துக்கு எத்தனை புள்ளி, என்ன வண்ணம் என்று கேட்டு வந்து, அவர் சொன்னபடி போட்டு, போனில் படம் எடுத்துக்கொண்டுபோய்க் காட்டுங்கள். கேட்டு வாங்கிய யோசனையும் அவர் செய்த வேலைதான்.

தாத்தாமார் ஒதுங்கியே நிற்பார்கள். பாட்டு, விளையாட்டு என்று கூப்பிட்டால் பெரும்பாலும் வர மாட்டார்கள். அவர்களுக்குக் கணக்கும் கொள்முதலும் கொடுங்கள். ஓய்வு பெற்ற கண்டக்டரோ கடைக்காரரோ இருந்தால், பொங்கல் சாமான் பட்டியலும் பணமும் அவர் பொறுப்பு. நடக்க முடிந்த இரண்டு பேரை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு கரும்பு வாங்கப் போங்கள். திருச்சிக்காரர்களுக்குத் திருவளர்ச்சோலைக் கரும்பு தெரியாமல் இருக்காது. கட்டைப் பார்த்துக் கணு இடைவெளி பார்த்து, விலை பேசி வாங்கட்டும். நீங்கள் பேசினால் பத்து ரூபாய் குறையலாம். பரவாயில்லை, அவரே பேசட்டும். உங்கள் பக்கம் சம்பா அறுவடை முடிந்து புது அரிசி வரும் நேரம் அது. விவசாயம் பார்த்தவர் இருந்தால், புது அரிசிக்குத் தண்ணீர் எவ்வளவு என்று அவருக்கும் ஓர் அபிப்பிராயம் இருக்கும்.

போகிக்குப் பழையதைக் கொளுத்தும் வேலை மட்டும் இல்லத்துக்குள் வேண்டாம். ஆஸ்துமாவோ நாள்பட்ட மூச்சிரைப்போ உள்ளவர்களுக்கு அந்தப் புகை ஒரு வாரம் படுத்தும். அன்று அவரவர் அலமாரியை அவரவர் ஒழிக்கட்டும். எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப் போடுவது என்று ஆயா முடிவு செய்யக் கூடாது. கிழிந்த மஞ்சள் பை ஒன்றை வைத்துக்கொள்கிறேன் என்றால் வைத்துக்கொள்ளட்டும்.

பொங்கல் அன்று காலை, அடுப்பை முற்றத்தில் கொஞ்சம் உயர்த்திக் கட்டுங்கள். நின்று கிண்ட முடிந்த இரண்டு மூன்று பேர் மாறி மாறிக் கிண்டட்டும். பக்கத்தில் ஓர் ஆயா. நைலான், சிந்தெடிக் புடவை அடுப்பருகே ஆகாது. நூல் புடவை, முந்தானையை இழுத்துச் செருகியிருக்க வேண்டும். வாளித் தண்ணீர் பக்கத்திலேயே இருக்கட்டும். மற்றவர்கள் நாற்காலியை அரைவட்டமாகப் போடுங்கள். காது கேளாதவரும் கண்புரை உள்ளவரும் முன்னால். பால் பொங்கி வழிவதை அவர்கள் பார்க்க வேண்டும். "பொங்கலோ பொங்கல்" என்ற முதல் குரல் மைக்கிலிருந்து வரக் கூடாது, அவர்களிடமிருந்து வரட்டும்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், பண்டிகை நாளில் ஆபத்து பெரும்பாலும் இலையில்தான் இருக்கிறது. சர்க்கரை நோய் உள்ளவரைச் சர்க்கரைப் பொங்கலே தொடாதீர்கள் என்று தடுக்க வேண்டாம். பக்கத்து இலையைப் பார்த்துக்கொண்டு உட்காரவைப்பதைப்போல் கொடுமை வேறில்லை. சாப்பாட்டோடு சேர்த்து இரண்டு மூன்று ஸ்பூன், அந்த அளவுக்குச் சாதத்தைக் குறைத்து. தனியாக மாலையில் மறுபடியும் ஒரு கப் என்பது கூடாது. கூட்டத்தில் மாத்திரை, இன்சுலின், சாப்பாட்டு நேரம் தள்ளிப் போகாமல் நர்ஸ் பார்த்துக்கொள்ள வேண்டும்; மருந்து போட்ட பிறகு பூஜை முடியட்டும் என்று சாப்பிடாமல் காத்திருந்து, ரத்தச் சர்க்கரை குறைந்து மயங்கியவர்களும் உண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு வாழைப்பழம், இளநீர் இரண்டிலும் பொட்டாசியம் அதிகம் என்பதால், அன்பாகக் கொடுப்பதுகூட வினையாகும். யார் யாருக்கு என்ன தடை என்று அவரவர் மருத்துவரிடம் கேட்டு, பரிமாறுபவர் கையில் ஒரு சின்னத் தாளாகக் கொடுத்துவிடுங்கள்.

விழுங்குவதில் சிரமம் உள்ளவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், மறதி நோய் முற்றியவர்கள் ஆகியோருக்குப் பொங்கலைத் தனியாக எடுத்துப் பால்விட்டுத் தளர்த்துங்கள். முந்திரி, கிராம்பு, ஏலக்காய்த் தோல் இருக்கக் கூடாது. வடையை ரசத்தில் நன்றாக ஊறவைத்து மசித்துக் கொடுக்கலாம். கரும்பைக் கடிக்கக் கொடுக்காதீர்கள். பல்செட் போனால் போகிறது, சக்கை தொண்டையில் சிக்கினால்தான் பயம். நிமிர்ந்து உட்காரவைத்துக் கொடுங்கள். சாப்பிட்ட பிறகு அரைமணி நேரம் அப்படியே உட்கார்ந்திருக்கட்டும். வெளியிலிருந்து வருபவர்கள் ஆசையாக ஊட்டிவிட வருவார்கள். இந்த நான்கைந்து பேருக்கு மட்டும் நர்ஸோ பழகிய ஆயாவோதான் ஊட்ட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மாட்டுப் பொங்கலுக்கு, பக்கத்துத் தெருவில் மாடு வைத்திருப்பவரைக் கேட்டு, சாதுவான பசு ஒன்றைக் கேட் வரைக்கும் ஓட்டிவரச் சொல்லுங்கள். கயிறு சொந்தக்காரர் கையிலேயே இருக்கட்டும். மாடு வளர்த்த தாத்தா ஒருவர் எழுந்து, கொம்பைப் பார்த்து, "இது ரெண்டாவது ஈத்தா?" என்று கேட்பார் பாருங்கள், அவரை நீங்கள் அதுவரை பார்த்திருக்கவே மாட்டீர்கள்.

காணும் பொங்கல்தான் இவர்களுடைய நாள். அன்று சிறியவர்கள் பெரியவர்கள் காலில் விழுந்து ஆசி வாங்குவதும், பெரியவர்கள் காசு கொடுப்பதும் நம் பழக்கம். கனுப்பிடி, அதாவது கூடப்பிறந்தவர்கள் நலனுக்காகச் சாத உருண்டை வைக்கும் வழக்கமுள்ள வீட்டுப் பெண்கள் மாட்டுப் பொங்கல் காலையிலேயே மூத்தவர்கள் கையால் மஞ்சள் கீற்று இட்டுக்கொள்வார்கள். உங்கள் ஆயாக்கள், நர்ஸ், சமையல்காரம்மா ஆகியோரின் பிள்ளைகளைக் காணும் பொங்கலன்று வரச் சொல்லுங்கள். பொங்கல் விடுமுறைக்கு முன்பே வங்கியிலிருந்து புதுப் பத்து ரூபாய் நோட்டு வாங்கிவந்து, அவரவர் சொந்தப் பணத்திலிருந்து மாற்றிக் கொடுங்கள். பணமே இல்லாதவர்களுக்கு டிரஸ்ட் கணக்கிலிருந்து, யாருக்கும் தெரியாமல். பிள்ளைகளுக்கு நீட்டும் அந்த நோட்டு பாட்டியின் சுருக்குப்பையிலிருந்து வர வேண்டும். இன்னிசைக் கச்சேரிக்கு ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்குகூட இதற்கு ஆகாது. டிரஸ்டிகளிடம் இதையே சொல்லுங்கள். அவர்களும் குடும்பத்தோடு வந்து ஆசி வாங்கட்டும், வேண்டுமானால் அந்தப் படத்தைப் போட்டுக்கொள்ளட்டும், பெரியவர்கள் சம்மதித்தால்.

கச்சேரி வேண்டாம் என்றே நான் சொல்வேன். மூடிய ஹாலில் பெரிய ஸ்பீக்கர், காது கருவி போட்டவர்களுக்குச் சித்திரவதை. மறதி நோய் உள்ளவர்களுக்கு எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறிய முடியாது. பயம் ஒன்றுதான் மிஞ்சும். பாட்டு வேண்டுமென்றால், பாடத் தெரிந்தவர் ஒருவர் ஆறேழு பேர் நடுவில் உட்கார்ந்து, மைக் இல்லாமல், அவர்கள் கேட்கும் பாட்டைப் பாடட்டும். வரியை மறந்து அவர் நிறுத்தினால், பாட்டிகள் எடுத்துக் கொடுப்பார்கள்.

கேட்டைத் திறக்கப் போன அந்தத் தாத்தாவைப் பற்றி. மறதி நோயில் பலருக்குப் பொழுது சாயும் நேரத்தில்தான் குழப்பம் கூடும். அதனால் எந்தக் கொண்டாட்டத்தையும் காலை ஒன்பதரையிலிருந்து பதினொன்றுக்குள் முடித்துவிடுங்கள். அவருக்குப் பழகிய ஆயா ஒருவரும், ஒரு சத்தமில்லாத அறையும் அன்று முழுக்க ஒதுக்கி வைத்திருக்க வேண்டும். வீட்டுக்குப் போகணும் என்றால், இதுதான் உங்கள் வீடு என்று வாதாடாதீர்கள். "வீட்ல யார் காத்திருப்பாங்க?" என்று கேட்டபடி கூடவே நாலு சுற்று நடந்தால் பெரும்பாலும் தணிந்துவிடும். அடுத்த தீபாவளிக்கு ஒன்று. 2018இலிருந்து தமிழ்நாட்டில் பட்டாசுக்குக் காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை என்று அரசு நேரம் வகுத்துவருகிறது. ஊர் முழுக்க அதைக் கடைப்பிடிப்பதில்லை என்றாலும், சத்தம் உச்சத்தில் இருக்கும் நேரம் உங்களுக்கு முன்பே தெரியும். அந்த நேரத்தில் ஜன்னலைச் சாத்தி, மெதுவாக நாதஸ்வரம் போட்டு, பக்கத்தில் ஆள் உட்காரலாம்.

இந்த ஆறு பேரிடமும் "ஞாபகம் இருக்கா?", "நான் யாரு சொல்லுங்க?" என்று கேட்க வேண்டாம் என்று வருபவர்கள் எல்லாரிடமும் சொல்லிவையுங்கள். அது பரீட்சை, ஒவ்வொரு முறையும் தோற்பார்கள். கேள்விக்குப் பதிலாகப் பொருளைக் கையில் கொடுங்கள். நான் போய்வரும் இல்லம் ஒன்றில், மகளையே அடையாளம் தெரியாத நிலையில் ஓர் அம்மா இருக்கிறார். நாள் முழுக்கப் புடவை முனையைத் திருகிக்கொண்டே இருப்பார். ஒருநாள் அவர் மடியில் முறத்தை வைத்து, இரண்டு கை அரிசி போட்டோம். முறத்தை ஒரு பார்வை பார்த்தார். இரண்டு ஓரத்தையும் பிடித்து, சற்றே சாய்த்து, கட்டைவிரலால் விளிம்பைத் தட்டி, புடைக்கத் தொடங்கினார். குறுநொய் ஒரு பக்கம், முழு அரிசி ஒரு பக்கம் என்று ஒதுங்கிவந்தது. வாய் ஊதியது. கால்மணி நேரம் கழித்து, "நெல்லு கிடக்கு பாரு" என்று ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பேரும் முகமும் போன பிறகும் கைப்பழக்கம் வெகுநாள் தங்கும். அது மூளையில் வேறு இடத்தில் பதிந்திருப்பது. பூத்தொடுப்பது, திரி திரிப்பது, துணி மடிப்பது எல்லாம் அந்த வகைதான். செய்துமுடித்த வேலை சரியாக வந்ததா என்று பார்க்கக் கூடாது. தொடுத்த சரம் தளர்ந்திருந்தாலும் அதையே சாமி படத்துக்குப் போடுங்கள்.

இன்னொன்று, பலர் பேசத் தயங்குவது. உங்கள் இல்லத்துப் பாட்டிமாரில் பெரும்பாலோர் கணவரை இழந்தவர்களாகத்தான் இருப்பார்கள். நவராத்திரி, ஆடிப்பெருக்கு என்றால் மஞ்சள், குங்குமம், பூ, வெற்றிலை பாக்கு வரும். "சுமங்கலிகள் மட்டும் முன்னாடி வாங்க" என்று யாராவது உபயதாரர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அந்தப் பண்டிகை அங்கேயே செத்துவிடும். கூட்டத்தின் ஓரத்துக்கு நகர்ந்து நின்று பழகியவர்கள் அவர்கள். தங்கள் வீடு என்று இருக்கும் இடத்திலும் அவர்களை ஓரத்தில் நிற்க வைக்கக் கூடாது. இல்லத்தின் விதியாகவே வைத்துவிடுங்கள்: தாம்பூலத் தட்டு ஒவ்வொருவர் முன்பும் போகும். எடுத்துக்கொள்வதும், தொட்டுக் கும்பிட்டு விடுவதும் அவரவர் விருப்பம். நாற்பது வருடமாகப் பூ வைக்காதவரைப் பிடித்துவைத்து, காலம் மாறிடுச்சு பாட்டி என்று பூ வைத்துவிடுவதும் அத்துமீறல்தான். தட்டு எல்லாருக்கும் நீட்டப்பட்டது என்பதே போதும்.

அதேபோல், அந்த வருடம் துக்கம் நடந்தவர்கள் பண்டிகை கொண்டாட மாட்டார்கள். பிள்ளை இறந்துபோன பாட்டி ஒருவர் அறையைவிட்டு வரவில்லை என்றால், கையைப் பிடித்து இழுத்துவர வேண்டாம். சாப்பாட்டை அறைக்கே கொண்டுபோய், பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஒரு வாய் சாப்பிடுங்கள். அழுத மூன்று பாட்டிகளைப் பற்றியும் கலங்க வேண்டாம். பண்டிகை நாளில் போனவர்களின் நினைவு வரத்தான் செய்யும். அழுகை வராமல் செய்வது நம் வேலை இல்லை. அன்றிரவு ஓர் ஆயா கூடுதலாக இருந்து, அறை அறையாகப் போய்ப் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசிவரட்டும். ஆனால் இரண்டு வாரம் ஆகியும் சாப்பாடு குறைந்து, தூக்கம் கெட்டு, எதிலும் நாட்டமில்லாமல் இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். வயசானா அப்படித்தான் என்று விடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். பிள்ளைகளின் போன் விஷயத்திலும் கவனம் தேவை. வெளிநாட்டு மகனின் வீடியோ கால் நடு ஹாலில் சத்தமாக ஓடும்போது, போனே வராதவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அழைப்புகளை அவரவர் அறையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அழைக்காத பிள்ளைகளுக்கு நீங்களே நாலு நாள் முன்பு போன் போட்டு, "அன்னிக்கு ஒரு தடவை பேசுங்க" என்று சொல்லுங்கள். பாதிப் பேராவது பேசுவார்கள்.

வந்துபோகும் கல்லூரிப் பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாற்பது பேர் ஒருநாள் வருவதைவிட, ஆறு பேர் வாராவாரம் சனிக்கிழமை நாலு மணிக்கு வருவது எவ்வளவோ மேல். ரிச்சர்ட் ஷுல்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1976இல் வெளியிட்ட ஆய்வில் இதைச் சோதித்தார். முதியோர் இல்லத்தில் இருந்தவர்களைப் பார்க்க மாணவர்களை இரண்டு மாதம் அனுப்பினார். எப்போது, எவ்வளவு நேரம் என்று தாங்களே தீர்மானித்தவர்களும், எப்போது வருவார்கள் என்று முன்பே தெரிந்தவர்களும் நன்றாகத் தேறினார்கள். திடீர் திடீரென்று மாணவர்கள் வந்துபோனவர்களுக்கு அந்த அளவு பலன் இல்லை. இதைவிட முக்கியமானது 1978இல் வெளியான தொடர் ஆய்வு: வருகை நின்றுபோன பிறகு, முன்பு தேறிய அதே ஆட்கள்தான் மற்றவர்களைவிட வேகமாகத் தளர்ந்தார்கள். ஆகவே கல்லூரிக்காரர்களிடம் எத்தனை மாதம் வருவீர்கள் என்று முதலிலேயே கேளுங்கள். தேர்வு விடுமுறைக்கு வர மாட்டார்கள் என்றால் அதைப் பெரியவர்களிடம் முன்பே அந்தப் பிள்ளைகள் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். படித்து முடித்துப் போகும்போது விடைபெற்றுப் போக வேண்டும், அடுத்த வருடத்துப் பிள்ளையைக் கையோடு கூட்டிவந்து அறிமுகப்படுத்திவிட்டு. வந்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள்: போன் பழக்கட்டும், செய்தித்தாள் படித்துக் காட்டட்டும், தாயம் விளையாடித் தோற்கட்டும், பாட்டியிடம் பூத்தொடுக்கக் கற்றுக்கொள்ளட்டும். பிறந்தநாளுக்குச் சாப்பாடு போட வருபவர்களுக்கும் ஒரே ஒரு நிபந்தனை வையுங்கள். பரிமாறிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பக் கூடாது, பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிட வேண்டும்.

மற்ற மாதங்களுக்குப் பெரிய திட்டம் ஒன்றும் வேண்டியதில்லை, நம் பஞ்சாங்கமே போதும். சித்திரை முதல் நாள் வேப்பம்பூவும் மாங்காயும் போட்டுப் பச்சடி. ஆடிப் பதினெட்டுக்கு ஸ்ரீரங்கத்துக் காவிரிப் படித்துறையான அம்மா மண்டபத்தில் கால் வைக்க இடம் இருக்காது. இவர்களை அங்கே அழைத்துப்போவது விபரீதம். ஆற்றில் தண்ணீர் வந்த பிறகு, பண்டிகைக்கு முந்தைய வாரத்தில் ஒரு சாதாரண நாள் காலையில் வேனில் போய்க் காவிரியைப் பார்த்துவிட்டு வாருங்கள். பண்டிகை அன்று ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து முற்றத்தில் வைத்துப் படைத்து, எலுமிச்சை, புளி, தேங்காய், தயிர் என்று கலந்த சாதம். நவராத்திரிக் கொலுவுக்குப் படிக்கு ஒருவர் பொறுப்பு. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சுண்டல் வாங்க வரட்டும், பாட்டிமார் கொடுக்கட்டும். கார்த்திகைக்குத் திரி திரிக்கும் வேலை ஒரு வாரத்துக்கு வரும். ஆக்சிஜன் வைத்திருப்பவர் அறைப் பக்கம் மட்டும் விளக்கே கூடாது. கிறிஸ்தவர், முஸ்லிம் பெரியவர்கள் இருந்தால், கிறிஸ்துமஸ் குடிலுக்கும் நோன்புக் கஞ்சிக்கும் அவர்களே தலைமை. நீங்கள் கூகுளில் பார்த்துச் செய்வதைவிட, அவர் எங்கம்மா இப்படித்தான் காய்ச்சுவாங்க என்று சொல்லிச் செய்வதே சரி.

பண்டிகைகளைவிட, சாதாரணச் செவ்வாய்க்கிழமை எப்படிப் போகிறது என்பதைக் கவனியுங்கள். காலையில் ஒருவர் உரக்கச் செய்தித்தாள் படிப்பது, பதினொன்றுக்குக் கீரை ஆய்வது, தொட்டிச் செடிக்குத் தண்ணீர், நாலு மணி டீயோடு பல்லாங்குழி. ஒவ்வொருவருக்கும் அந்த வாரத்தில் தன் பேர் சொல்லி ஒரு வேலை இருக்க வேண்டும். அதற்கு ஒரு பக்கத் தாள் போதும்: என்ன தொழில் பார்த்தார், எந்த ஊர், எதில் கெட்டிக்காரர், எந்தப் பண்டிகை பிடிக்கும், எந்த நாள் மனசு கஷ்டப்படும். இந்தத் தாளை ஆயாக்களும் படித்திருக்க வேண்டும். தையற்காரராக இருந்தவரிடம் ஊசியில் நூல் கோக்கச் சொல்லாமல், கிழிந்த தலையணை உறையைக் காட்டி இதை என்ன செய்யலாம் என்று கேட்கத் தெரிய வேண்டும்.

கடைசியாக, உங்கள் நான்கு ஆயாக்களுக்கும் சமையல்காரம்மாவுக்கும் வீட்டில் பொங்கல் உண்டு. மேலே சொன்ன எல்லாமே அவர்கள் கையில்தான் நடக்கப்போகிறது. தை முதல் நாள் காலையில் இரண்டு பேர், மாட்டுப் பொங்கலுக்கு இரண்டு பேர் என்று முறை போட்டு, எல்லாருக்கும் ஒரு பண்டிகைக் காலையாவது தங்கள் வீட்டில் கிடைக்கும்படி செய்யுங்கள். வேலைக்கு வரும் நாளுக்கு இரட்டைச் சம்பளம், வீட்டுக்கு ஒரு கரும்பு, ஒரு கிலோ வெல்லம். கச்சேரிக்கு முன்பணம் கொடுப்பதற்குள் டிரஸ்டிகளிடம் இதைப் பேசிவிடுங்கள்.